மூன்று புள்ளி ஒன்பது ஏழு

முதல் சோதனை சமையல் தராசில்.
ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் மில்லிஆம்பியர் என்று
மேலுறையில் கொட்டை எழுத்தில் அச்சடித்த நீலச் செல்
முப்பத்தோரு கிராம்தான் இருந்தது.
மூவாயிரம் என்று அடக்கமாய்ச் சொல்வது
நாற்பத்தாறு.

"பாதி விலைக்குக் கிடைத்தது" என்றான் ரோக்.
"பாதி செல்தான் கிடைத்திருக்கிறது" என்றேன்.
அன்றிலிருந்து இத்ரியாவில்
குகை மீட்புக் குழுவுக்கு பேட்டரி வாங்குகிறவள் நான்.

தலைவிளக்கு பதினாறு, கைவிளக்கு ஒன்பது,
செல்கள் அறுபத்துநான்கு.
பாதுகாப்புச் சுற்று வைத்தவை
இரண்டு மில்லிமீட்டர் நீளம் கூடுதல்;
பழைய விளக்குகளின் மூடி மறை ஏறாது.
விளக்குகளை மாற்றினோம்.
அந்த வருடம் புதிய கயிறு வாங்கக் காசில்லை,
ரோக் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

புதியதையும் பழையதையும் ஒரே குழாயில் போடக்கூடாது.
வலுத்தது ஓடிக்கொண்டே இருக்கும்,
மெலிந்தது வெந்து சாகும்.
அதனால் ஜோடிக்கொரு நகப்பூச்சு:
செங்கல் நிறம், கத்தரிப்பூ நிறம்,
மகள் வேண்டாமென்று எறிந்த பச்சை.
என் நகங்கள் மொட்டையாகவே இருக்கின்றன.

நிறைகுடம் தளும்பாது, சரி.
நிறைசெல்லோ
அலமாரியில் சும்மா உட்கார்ந்தே கிழடாகிவிடும்.
அவசரப் பைக்குள் இருப்பவை மட்டும் முழுசாய்.
மற்றவை பாதி வயிற்றோடு
நிலவறையில், முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாய்க்குப் பக்கத்தில்.
சட்டை கிழிந்தவை மணல் வாளிக்கு.
எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு:
எண், வாங்கிய நாள், எடை, யாரிடம்.

பதினேழு: திலென்.

அக்டோபர் மழை மூன்று நாள்.
குகை வாய்க்குள் ஆறு புகுந்து
அவன் போன வழியை அடைத்தது.
நாற்பத்தோரு மணி நேரம் கழித்து
தண்ணீர் இறங்கி, இவர்கள் இறங்கி,
தன் காலால் நடந்து வந்தான்.

அன்றிரவு பீர் கோப்பையோடு சொன்னான்:
"விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது.
குறைந்த ஒளியில் அறுபது மணி நேரம் வரும், கணக்குத் தெரியும்.
கையில் நாவல் இருந்திருந்தால் முடித்திருப்பேன்."
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

மறுநாள்
களிமண் அப்பிய தலைவிளக்கைக் கழுவித் திறந்தேன்.
உபரிச் செல் உறையோடு அப்படியே, தொடாமல்.
பதினேழை மீட்டரில் வைத்தேன்.
3.97.

இரண்டாம் முறை வைத்தேன்.
முள்ளைத் துடைத்துவிட்டு மூன்றாம் முறை.

அது முக்கால் நிறைந்த செல்.
உள்ளே போகும்போது வெளிச்சமாய் எரித்ததைக் கழித்தால்
வெள்ளத்துக்குப் பிறகு எரிந்தது
ஆறு மணி நேரம், மிஞ்சினால் ஏழு.
மீதி முப்பத்துநான்கு மணி நேரம்
அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான்.
எத்தனை நாளாகும் என்று தெரியாதே அவனுக்கு.
நீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்க
எப்போதாவது ஒரு தடவை போட்டிருப்பான்.
பிறகு விரலால் அணைத்திருப்பான்.
ஒவ்வொரு முறையும்
தானே.

கதவு திறந்தது. கையுறையை மறந்து விட்டுப் போயிருந்தானாம்.
மீட்டரைப் பார்த்தான்.
எண் இன்னும் அணையவில்லை.
நான் மறைக்க நினைத்தேன், கை எழவில்லை.

வெளியே மழை மறுபடி தூற ஆரம்பித்திருந்தது.

மேசையிலிருந்த கத்தரிப்பூ நிறக் குப்பியை எடுத்து
அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தான்.
"இந்த நிறத்துக்குப் பேர் என்ன?"
"பேர் போடவில்லை. நம்பர்தான்" என்றேன்.
தலையாட்டினான்.
கையுறையை எடுக்காமலே போய்விட்டான்.

நோட்டில் எழுதினேன்:
பதினேழு. நல்ல நிலை. திலெனிடமே.